மழைக்கு நிற்காது, மின்னலுக்கு நிற்கும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வானம் இருட்டிக்கொண்டு நின்றால் "இன்னிக்கு மேட்ச் நடக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. சேப்பாக்கத்தில் நாலு தூறல் விழுந்தாலே ஆடுகளத்தை மூடிவிடுவார்கள், நடுவர்கள் குடையோடு வந்து தரையைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஓவரைக் குறைப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து முதல் சீசனில் ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்து ஓடியும் வீசியும் ஆடுவது) பார்க்கக் கிளம்புகிறவர்கள் இந்தக் கேள்வியை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். இங்கே மழை கொட்டினாலும் ஆடுவார்கள். கோடுகள் தெரியாத அளவுக்குப் பனி மூடினாலும் ஆடுவார்கள். ஆட்டத்தை நிறுத்துவது மின்னல். அதை விட்டால் எப்போதாவது ஒரு புயல்.

எனவே நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. கூரையில்லாத ஸ்டேடியத்தில் நாலு மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிப்பது? எந்த நேரத்தில் இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் போதும். ஆட்ட விதிகளைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், நீங்கள் கேட்காவிட்டாலும்.

எந்த மாதம், எந்த ஊர்

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை ஓடும். அதற்கு மேல் சாம்பியன்ஷிப், பௌல் ஆட்டங்கள் (சீசன் முடிந்தபின் தேர்ந்த அணிகளுக்கு நடக்கும் தனி ஆட்டங்கள்) என்று ஜனவரி வரை இழுக்கும். டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் செப்டம்பர் மதியம் நம் ஊர்க் கத்திரி வெயில்தான். மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் நவம்பர் மாலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் கூரை போட்ட அரங்கம் இருக்கிறது. அது மாதிரி இடங்கள் மிகக் குறைவு. 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம் ஸ்டேடியங்கள் எல்லாமே வானம் பார்த்தவை.

2024 முதல் குளிர் இன்னும் ஒரு படி கூடியிருக்கிறது. அந்த ஆண்டு, சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்ததால், முதல் சுற்று ஆட்டங்கள் டிசம்பர் 20, 21 தேதிகளில் பல்கலைக்கழக வளாகங்களிலேயே நடந்தன. சவுத் பெண்ட், ஸ்டேட் காலேஜ், கொலம்பஸ் என்று மூன்று வடக்கத்திய ஊர்களும் அதில் உண்டு. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ராத்திரியில் கொலம்பஸில் திறந்தவெளியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் முன்னால் செய்ய வேண்டியவை

ஆட்டம் எந்தச் சனிக்கிழமை என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். எத்தனை மணிக்கு என்பது பெரும்பாலும் தெரியாது. டிவி நிறுவனங்கள் 12 நாள் முன்போ, சில சமயம் 6 நாள் முன்போதான் நேரத்தை முடிவு செய்யும். அது தெரிந்த பிறகு பார்க்கும் வானிலை அறிக்கைக்குத்தான் அர்த்தம் உண்டு. பகல் 12 மணி ஆட்டமும் இரவு 7:30 மணி ஆட்டமும் உடையிலேயே வேறு வேறு.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் மணிவாரியான வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அதில் "மழை 40 சதவீதம்" என்பதை வைத்துக் கவலைப்படாதீர்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இடி மின்னல் வாய்ப்பு, காற்றின் வேகம், ஆட்டம் முடியும் நேரத்து வெப்பநிலை. கடைசியைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு 3:30 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தின் பாதிக்கு மேல் இருட்டில்தான் நடக்கும். இளவெயிலில் ஹூடியோடு உள்ளே போனவர், கடைசிக் கால்பகுதியில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பார்.

டிக்கெட் வாங்கும்போது திசையையும் பாருங்கள். பெரும்பாலான மைதானங்கள் வடக்குத் தெற்காக நீண்டிருக்கும். மேற்கு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், நிழலும் முதலில் அங்கேதான் விழும். கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவர் மறையும்வரை சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செப்டம்பருக்கு மேற்கு, நவம்பருக்கு கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பகுதியில் இந்தத் தேர்வு கிடையாது, கொடுத்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். ஆமாம், நிற்கத்தான். மாணவர்கள் உட்காருவது அபூர்வம்.

வானிலைக்காகப் பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. வானிலை மோசமாக இருக்கும் என்று தெரிந்தால் மறுவிற்பனைத் தளங்களில் விலை இறங்குவது சகஜம். கையில் காசு குறைவாக இருந்து, நனைவதில் பயமில்லாத மாணவருக்கு அது நல்ல வாய்ப்பு. டிக்கெட் போனில்தான் வரும். வீட்டிலேயே அதைப் போனின் வாலெட்டில் சேமித்துவிடுங்கள். ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க்கை நம்பி கேட் வாசலில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பை, குடை, மழை அங்கி

குடையை வீட்டில் வைத்துவிடுங்கள். ஏறக்குறைய எல்லா ஸ்டேடியங்களிலும் அதற்குத் தடை. பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், கம்பி கண்ணில் குத்தும். மழை அங்கிதான் வழி. அதிலும் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும், தொடைவரை வரும் பான்சோ நல்லது. உள்ளே கோட் போட்டிருந்தாலும் அதன் மேல் மாட்டலாம், மடியில் இருக்கும் பொருளும் நனையாது. மழை பெய்ய ஆரம்பித்த பிறகு ஸ்டேடியம் கடையில் வாங்கினால் விலை எக்கச்சக்கம். முன்பே ஒரு டாலர் கடையில் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று கிழியும்.

பையைப் பொறுத்தவரை பல இடங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. வழக்கமான அளவு 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம். அல்லது ஒரு காலன் ஜிப் பை. முதுகுப்பையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார் ஒன்றரை மைல் தள்ளி நிற்கும்போது அது கொடுமை. போர்வையைப் பையில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் விடுவார்கள். தண்ணீர் பாட்டில், இருக்கை மெத்தை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி. அவர்களுடைய விளையாட்டுத் துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செப்டம்பர் வெயில்

"நாங்க பார்க்காத வெயிலா" என்ற நினைப்பு நம்மவர்களுக்கு உண்டு. நம் ஊரில் உச்சி வெயிலில் யாரும் அலுமினியப் பெஞ்சில் நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவதில்லை, நிழல் தேடி ஒதுங்கிவிடுவோம். இங்கே ஒதுங்க இடமில்லை. முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள், உட்காரும் இடத்தில் ஒரு துண்டு விரியுங்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, பக்கத்தில் இருப்பவர் பேச்சு குழறினாலோ இடைவேளைக்குக் காத்திருக்காமல் முதலுதவி அறைக்குப் போங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால், செப்டம்பர் மதிய ஆட்டத்தை விட்டுவிட்டு அக்டோபரில் ஒன்றைப் பாருங்கள். அக்டோபர்தான் இந்த விளையாட்டுக்கென்றே செய்த மாதம்.

மின்னல்: இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்

ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள், பல இடங்களில் சுமார் 8 மைலுக்குள், மின்னல் விழுந்ததாகக் கருவி காட்டினால் ஆட்டம் நிற்கும். வீரர்கள் அறைக்குப் போய்விடுவார்கள். ஸ்கோர்போர்டில் எச்சரிக்கை வரும், ஒலிபெருக்கியில் எல்லோரையும் இருக்கையைவிட்டு எழச் சொல்வார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழிந்தால்தான் திரும்ப ஆடலாம். 29-ஆம் நிமிடத்தில் இன்னொன்று விழுந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த ஒரு விதி புரியாததால்தான் புதியவர்கள் "அரை மணி நேரம்தானே" என்று ஏமாறுகிறார்கள்.

அந்த அரை மணி எவ்வளவு நீளும் என்பதற்கு 2011 செப்டம்பர் 3 நல்ல உதாரணம். நோட்டர் டேம், சவுத் ஃபுளோரிடா ஆட்டம் இரண்டு முறை நின்று, தொடங்கியதிலிருந்து முடிய கிட்டத்தட்ட 6 மணி நேரம் ஆனது. அதே நாளில் ஆன் ஆர்பரில் மிச்சிகன், வெஸ்டர்ன் மிச்சிகன் ஆட்டம் மூன்றாவது கால்பகுதியில் நின்றது. திரும்பத் தொடங்கவே இல்லை. 34-10 என்ற ஸ்கோரோடு மிச்சிகன் வென்றதாக முடித்துவிட்டார்கள். 2014 ஆகஸ்ட் 30 அன்று ஃபுளோரிடா, ஐடஹோ ஆட்டம் ஏறத்தாழ 3 மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, ஒரே ஒரு கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) நடந்து, மறுபடி மின்னல் வந்து கைவிடப்பட்டது. 2018 செப்டம்பர் 1 அன்று நெப்ராஸ்காவில் இன்னும் வேதனை. அந்த ஊரின் பழைய நாயகன் ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்சியாளராகத் திரும்பி வந்த முதல் ஆட்டம் அது. ஊரே திரண்டிருந்தது. கிக்ஆஃபோடு நின்று, அந்த இரவே ரத்தானது.

இப்படி நின்ற ஆட்டத்தை இன்னொரு நாள் தொடரலாம், அப்போதைய ஸ்கோரையே முடிவாக வைக்கலாம், நடக்கவே இல்லை என்றும் அறிவிக்கலாம். இரண்டு பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டமைப்பும் பேசி முடிவு செய்யும். கிரிக்கெட்டில் இருக்கும் டக்வொர்த் லூயிஸ் மாதிரி கணக்கெல்லாம் இங்கே கிடையாது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே போகும்போதே ஒதுங்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் நடைபாதை எல்லாருக்கும் போதாது. பக்கத்தில் நூலகம், வகுப்புக் கட்டடம், கூடைப்பந்து அரங்கம் எது திறந்திருக்கும் என்று பாருங்கள். பல இடங்களில் அறிவிப்பிலேயே சொல்வார்கள். முதல் அறிவிப்பு வந்ததும் எழுந்துவிடுங்கள். "இந்தப் பக்கம் வானம் தெளிவாத்தானே இருக்கு" என்று உட்கார்ந்திருப்பவர்கள் கடைசியில் ஒரே படிக்கட்டில் முட்டிக்கொள்வார்கள். பொருள்களையெல்லாம் கையோடு எடுங்கள். குழுவாக வந்திருந்தால் சந்திக்கும் இடத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள், அந்த நேரத்தில் போன் வேலை செய்யாது.

கேட்டைத் தாண்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: திரும்ப உள்ளே விடுவீர்களா? சாதாரண நாளில் வெளியே போனால் பல ஸ்டேடியங்களில் அவ்வளவுதான். மின்னலுக்காக வெளியேற்றும்போது பெரும்பாலும் டிக்கெட்டைக் காட்டித் திரும்ப வரலாம். ஆனாலும் கேட்டில் நிற்கும் ஊழியர் வாயால் சொன்ன பிறகு காலை வெளியே வையுங்கள்.

என்னைக் கேட்டால் ஸ்டேடியத்துக்குள் இருப்பதைவிட ஆபத்து வெளியே, டெயில்கேட்டிங் நடக்கும் இடத்தில்தான். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே பார்க்கிங் மைதானத்தில் அடுப்பு, கூடாரம், பாட்டு என்று திருவிழாவாக இருக்கும். அங்கே ஸ்கோர்போர்டு இல்லை, ஒலிபெருக்கி கேட்டாலும் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். மழை வந்தவுடன் எல்லோரும் கூடாரத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். இரும்புக் கால்களில் நிற்கும் அந்தத் துணிக்கூரை மழைக்குத்தான் உதவும். மின்னலிலிருந்து காக்காது. மரத்தடியும் அப்படித்தான். இடி காதில் விழுந்தாலே காருக்குள் போய்க் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ளுங்கள். இரும்புக்கூரை உள்ள கார் நல்ல பாதுகாப்பு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 5 விநாடி என்றால் ஒரு மைல் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 6 மைலுக்குள் இருக்கிறது, கையில் இருக்கும் தட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டிய தூரம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? ரேடார் படத்தில் புயல் மேகம் கடந்துபோவது தெரிந்தால் இருங்கள். மேற்கே இன்னும் சிவப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தால், கூடவே சின்னக் குழந்தையும் இருந்தால், வீட்டுக்குப் போய் டிவியில் பாருங்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

களத்தில் என்ன மாறும்

நனைந்தபடி உட்கார்ந்திருக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் குளிர் கொஞ்சம் மறக்கும். மழையில் பந்து வழுக்கும். கையிலிருந்து நழுவி விழும் பந்துக்காகப் பத்துப் பேர் மேலே மேலே விழுவார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் துண்டால் பந்தைத் துடைத்துத் துடைத்து உள்ளே அனுப்புவதைப் பாருங்கள். 2016 அக்டோபரில் மேத்யூ புயலின் மழையில் ராலேயில் நடந்த ஆட்டத்தில் நார்த் கரோலைனா ஸ்டேட் 10-3 என்று நோட்டர் டேமை வென்றது. ஸ்கோரைப் பார்த்தாலே எவ்வளவு சேறு என்று புரியும்.

மழையைவிடக் காற்றுதான் ஆட்டத்தை அதிகம் மாற்றும் என்பது என் கணிப்பு. 2022 நவம்பர் 5 அன்று எவன்ஸ்டனில் மழையோடு பலத்த காற்று. நாட்டின் மிகச் சிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவரான ஒஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் (சக வீரர்களுக்குப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) சி.ஜே. ஸ்ட்ரவுட், முழு ஆட்டத்திலும் வீசி எடுத்தது வெறும் 76 யார்டு. ஆனாலும் ஓடியே 21-7 என்று ஜெயித்தார்கள். காற்று வீசும் நாளில் டாஸையும் கவனியுங்கள், எந்தப் பக்கம் ஆடுவது என்பதே அன்று பெரிய முடிவு.

பனி நினைப்பது போல் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பந்தோடு ஓடுபவருக்கு எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும், தடுப்பவருக்குத் தெரியாது. வழுக்குவது பெரும்பாலும் அவர்தான். 2023 நவம்பர் 25 அன்று கான்சஸின் மன்ஹாட்டன் ஊரில் கொட்டும் பனியில் ஐயோவா ஸ்டேட்டின் அபு சாமா 276 யார்டு ஓடினார். அவருடைய அணி 42-35 என்று வென்றது. அதற்கு நேர் எதிர் 1950 நவம்பர் 25, கொலம்பஸ். பனிப்புயலுக்கு நடுவே மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடின. இரண்டு அணிகளும் சேர்ந்து 45 முறை பந்தைப் பன்ட் செய்து தூர உதைத்தன. மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறுவது) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தது. அந்தக் குளிரிலும் 50,000 பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

குளிருக்கு உடுத்துவது

ஒரு பெரிய கோட் போதும் என்று நினைக்காதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் கோட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அம்மா கொடுத்தனுப்பி, வெட்கப்பட்டு பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் குரங்குக் குல்லா இருக்கிறதல்லவா? அதை எடுத்து மாட்டுங்கள். அங்கே முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு சட்டையில்லாமல் நிற்கும் ஆட்கள் இருக்கும்போது உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை.

குளிர் முதலில் ஏறுவது காலில். சிமெண்ட் தரையும் அலுமினியப் பலகையும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்வது இங்கே பழைய ரசிகர்களின் வழக்கம். இருக்கைக்கு மெத்தை. இரண்டு சாக்ஸை இறுக்கி மாட்டுவதைவிட ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் மேல், காலில் ரத்தம் ஓட இடம் வேண்டும். இரும்புத்தூள் அடைத்த கைச்சூட்டுப் பொட்டலங்கள் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும்; உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டால் பல மணி நேரம் சூடாக இருக்கும். உள்ளே நுழைவதற்குக் கொஞ்சம் முன்பே பிரித்துவிடுங்கள், சூடேறச் சற்று நேரம் பிடிக்கும்.

வெப்பநிலையோடு காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 0 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸில், மணிக்கு 15 மைல் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 28 செல்சியஸ். திறந்திருக்கும் தோல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். காது, மூக்கு, விரல் நுனி மரத்து வெளுத்தால் உள்ளே கழிப்பறைப் பக்கமாவது போய்ச் சூடேற்றுங்கள், தேய்க்காதீர்கள். மது குடித்தால் குளிர் தெரியாது என்பது உண்மை, உடம்புச் சூடு வேகமாக இறங்குவதும் சேர்த்துத் தெரியாது. குளிரில் போன் பேட்டரியும் பொசுக்கென்று போகும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

புயல், புகை, வெளியூர்ப் பயணம்

அட்லாண்டிக் புயல் சீசன் நவம்பர் 30 வரை. ஃபுளோரிடா, லூசியானா பக்கம் செப்டம்பர், அக்டோபரில் ஆட்டம் பார்க்க விமானம் ஏறுவதாக இருந்தால், மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டும் கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலும் போடுங்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தன் சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தை அரிசோனாவில் போய் ஆடியது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் அணி அந்தச் சீசனின் 11 ஆட்டங்களையும் 11 வேறு வேறு ஸ்டேடியங்களில் ஆடியது. 2016-இல் ஃபுளோரிடாவில் நடக்க வேண்டிய எல்.எஸ்.யூ. ஆட்டம் ஆறு வாரம் தள்ளிப்போய், ஊரும் மாறி எல்.எஸ்.யூ.வின் ஊரான பேட்டன் ரூஜில் நடந்தது. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீப் புகைக்கும் இதே கதைதான்: 2018-இல் ஸ்டான்ஃபோர்டு, கால் (பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆட்டம் நவம்பர் 17-லிருந்து டிசம்பர் 1-க்குப் போனது.

வண்டியும் திரும்பும் வழியும்

கல்லூரி ஊர்களில் பார்க்கிங் பெரும்பாலும் புல்வெளி. இரண்டு நாள் மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும். சில சமயம் அந்த இடத்தையே மூடிவிட்டு ஊருக்கு வெளியே நிறுத்திப் பேருந்தில் வரச் சொல்வார்கள். கிளம்பும் முன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். புல்லில்தான் நிறுத்த வேண்டும் என்றால் மேட்டுப்பக்கமாக, சாலைக்கு அருகே நிறுத்துங்கள். காரில் ஒரு துண்டு, மாற்று சாக்ஸ், ஒரு பழைய செருப்பு, ஃப்ளாஸ்க்கில் டீ வைத்திருங்கள். நனைந்த ஷூவோடு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போவதுதான் அந்த நாளின் மிக மோசமான பகுதி.

பனி பெய்துகொண்டிருந்தால், அதுவும் பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவராக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். உள்ளூர் நண்பர் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, உப்பு போட்டு வழித்த சாலையில் மறுநாள் பகலில் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, சாலையும் காலியாக இருக்கும்.